இரவல் பிள்ளைகள்

ரயில் நிற்பதற்குள் லூர்துமேரி ஓடத் தொடங்கிவிட்டாள்.

விழுப்புரம் ஜங்ஷன். பகல் வண்டி. இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் நேரம்தான் அவளுக்குக் கிடைத்திருக்கிற நேரம். அதற்குள் மந்திரி இருக்கும் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். போன வருஷம் அவரிடம் சொன்ன ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே அவள் கணவர் சவுரிராயன் வாத்தியார் செத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இது மூணாங் கிளாஸு! முன்னால போ, முன்னால!"

கூட்டத்துக்கு மேலாகக் கையை ஆட்டிக் கத்தினான் சின்னதுரை. வாத்தியாரின் தம்பி. இதே ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். மந்திரி இந்த வண்டியில் வருகிறார் என்ற சேதியைக் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான்.

சேதி காதில் விழுந்ததும் வாத்தியார் கண்ணைத் திறந்தார். காமாலை முற்றிய கண்.

"மேரி, நீ போ. உள்ளதச் சொல்லிடு."

"உங்கள இப்படி வுட்டுட்டு நான் எங்கங்க போறது?"

"நான் எங்க ஓடிடப் போறேன்? நீ வர்ற வரைக்கும் இங்கியேதான் கெடப்பேன். ஜல்தி போய்ட்டு வா."

அந்த நிலையிலும் அவருக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போன வருஷம் நடந்தது இதுதான்.

விக்கிரவாண்டிக்கு மேற்கே, சேரிக்கு நடுவில், ஒரு கூரைக் கொட்டகை. அதுதான் வாத்தியாரின் பள்ளிக்கூடம். சர்க்கார் கிராண்ட்டில் நடப்பது. பிள்ளைகள் வந்தால் கிராண்ட், வராவிட்டால் பூட்டு. வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பறிக்கும் மாதத்தில் பிள்ளைகள் வருவதில்லை. கொல்லையில் இறங்கி வேலை செய்தால் மத்தியானம் கேப்பைக் கூழாவது ஊற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் யார் ஊற்றுவது?

அந்த மாதம் பார்த்து மந்திரி வருவதாகத் தாக்கீது வந்தது. மந்திரி விருத்தாசலம். படிப்பும் கைத்தொழிலும் அவர் பொறுப்பு. எதற்காக வருகிறார் என்று தாக்கீதில் இல்லை. பரிசோதனைக்குத்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் நினைத்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் அசலூர்ப் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பது அந்தப் பக்கத்துச் சில வாத்தியார்களிடம் இருந்த வேலை. சவுரிராயன் அதுவரை செய்ததில்லை. அன்றும் மனசில்லை.

லூர்துமேரிதான் போனாள். திண்டிவனத்தில் ஒரு பிள்ளைகள் விடுதியில் சமையல் செய்யும் அக்காவின் காலைக் கையைப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு மாட்டு வண்டி நிறையப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தாள். எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, வரிசையாக உட்கார வைத்தாள். கொட்டகை நிரம்பிவிட்டது.

மந்திரி வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஏன் வாத்தியாரே, எல்லாரும் தினம் வர்றாங்களா?"

சவுரிராயன் வாயைத் திறந்தார். திறந்தவர், வாசல் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த ஒரு நொடி. அவர் வாயிலிருந்து உண்மை வரப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வர்றாங்கய்யா. ஒரு நாளும் தவறுறதில்லீங்க" என்றாள் அவள்.

மந்திரி வாத்தியாரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். காரில் ஏறும்போது தாசில்தாரிடம் சொன்னார்.

"பசியால பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு வராத ஊர் ஒண்ணு காட்டுங்கன்னு கேட்டேன். நீங்க நேர் எதிராக் காட்டியிருக்கீங்களே! இங்க எதுக்கு மத்தியானச் சாப்பாடு? வேற ஊரப் பாருங்க."

மந்திரி கொடுக்க வந்தது மத்தியானக் கூழ், ஓடு போட்ட கட்டடம், பெரிய பிள்ளைகள் தொழில் கற்க நாலு தறி. அத்தனையும் அந்தக் காரிலேயே ஏறி வல்லம் என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டது.

வாத்தியார் அவளை அன்றைக்குத் திட்டவில்லை. அப்புறமும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முதல் வகுப்புப் பெட்டி கண்ணில் பட்டது. போன வருஷம் மந்திரி வந்தபோது பேண்டு வாத்தியம், போலீசு, சிவப்பு டவாலி போட்ட சேவகன் என்று அமர்க்களப்பட்டது. இன்றைக்கு ஒருவரும் இல்லை. கதர் போட்ட ஏழெட்டுப் பேர் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நின்றார்கள். நல்லதாகப் போயிற்று என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஏம்மா, எங்க பூந்து வர்றே?"

"வழி வுடுப்பா. ஐயாவப் பாக்கணும். எங்க வூட்டுக்காரரு உசுரு போற அவசரம்."

வழி விட்டார்கள். மந்திரி பெட்டியின் வாசலிலேயே நின்றிருந்தார். போன வருஷத்தைவிட இளைத்திருந்தார்.

"ஐயா, விக்கிரவாண்டிக்கு மேற்க வந்தீங்களே. சவுரிராயன் வாத்தியார் பள்ளிக்கூடம்."

"மறப்பேனா? போற மீட்டிங்ல எல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தப் பத்தித்தானேம்மா பேசுறேன்! வாத்தியார் சௌக்கியமா?"

கார்டு பச்சைக் கொடியை விரிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"அவங்க எங்க பசங்க இல்லீங்கய்யா."

"யாரு?"

"அன்னிக்கு உக்காந்திருந்தவங்க. அசலூர்ப் பசங்க. நான்தான் இரவல் வாங்கியாந்தேன். எங்க பசங்க கூழுக்காவ மல்லாட்டைக் கொல்லையில கெடந்தாங்க. இன்னிக்கும் அங்கதான் கெடக்குறாங்க. பொய் சொன்னது நான்தான், அவரு இல்ல. அவரு இப்ப சாவக் கெடக்குறாரு. அவரு போய்ட்டா கொட்டகையப் பூட்டிடுவாங்கய்யா. அந்தக் கூழ எங்களுக்கும் ஊத்தச் சொல்லுங்க. பசங்க தானா வந்துடும்."

மந்திரி கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு யாரும் சொல்லலியா? வெள்ளைக்காரன் எங்களக் கேக்காமலே நாட்டச் சண்டையில இழுத்துவிட்டான்னு நாங்க எல்லாரும் ராஜினாமா பண்ணிட்டோம். நான் இப்ப மந்திரி இல்ல. ஊருக்குப் போய்க்கிட்டிருக்கேன்."

"அப்ப வேற யாராண்ட சொல்லணுங்க?"

அவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "நானும் கேக்கல. ஒரு பிள்ளையக் கூப்பிட்டு, உன் வீடு எதுன்னு கேட்டிருந்தாப் போதும்."

இன்ஜின் கூவிற்று. அவர் பரபரவென்று உள்ளே திரும்பி, யாரோ கொடுத்த பழக்கூடையிலிருந்து இரண்டு சாத்துக்குடியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"வாத்தியாருக்குக் குடுங்க."

பெட்டி நகர்ந்தது. கதர்க்காரர்கள் கோஷம் போட்டார்கள். அவள் பழங்களை மார்போடு பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள்.

வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அங்கேயேதான் கிடந்தார். மூச்சு மட்டும் வேறு மாதிரி வந்துகொண்டிருந்தது.

"பாத்தியா?"

"பாத்தேங்க."

"சொல்லிட்டியா?"

"ஒண்ணு வுடாம சொல்லிட்டேன்."

"கோவப்பட்டாரா?"

"இல்ல. பழம் குடுத்தாரு. உங்களுக்குத்தான்."

அவர் பழத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இன்னா சொன்னாரு?"

லூர்துமேரி முந்தானையால் பழத்தைத் துடைத்தாள். அழுக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள்.

"தை மாசத்துலேந்து கூழ் ஊத்தச் சொல்றாராம். கட்டடமும் வருமாம். தறியும் போடுறாங்களாம்."

அவர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். போன வருஷம் அவள் கொட்டகை வாசலில் நின்றபோது பார்த்தாரே, அதே பார்வை.

"எத்தினி தறி?"

"நாலு."

"நாலு போதும்" என்றார். "நல்ல மனுஷன்." கொஞ்சம் பொறுத்து, "பழத்தப் பசங்களுக்கு வை" என்றார்.

பொழுது சாயும்போது மூச்சு நின்றது.

கம்பவுண்டர் பாண்டுரங்கன் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். துப்பட்டியை முகம்வரை இழுத்துவிட்டார்.

"தங்கமான மனுஷம்மா. நீ அந்தாண்ட போனதுலேந்து, மந்திரி வண்டி வந்துடுச்சா, வந்துடுச்சான்னு ஒரே பேஜாரு. எந்த மந்திரி வாத்தியாரே, அவங்க எல்லாரும் ராஜினாமா பண்ணிட்டாங்களேன்னு நான்தான் பேப்பரப் படிச்சிக் காமிச்சேன்."

லூர்துமேரி நிமிர்ந்தாள்.

"எப்போ?"

"நீ வர்றதுக்கு முன்னாலதான். இன்னொரு தரம் படின்னாரு. படிச்சேன். அப்புறம், 'எங்க வூட்டுக்காரி வந்தா இத அவகிட்ட சொல்லாதீங்க, பாவம் ஓடிப் போயிருக்கா'ன்னாரு. இனிமே சொன்னா இன்னா?"

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். துப்பட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை மூடினாள். அது மறுபடி வெளியே வந்தது. மறுபடி மூடினாள்.

மறுநாள் காலையில் உடலோடு மாட்டு வண்டி ஊருக்குள் நுழைந்தது. சேரி காலியாகக் கிடந்தது. எல்லாரும் கொல்லையில். சின்னதுரையும் வண்டிக்காரனும் உடலை இறக்கி, கொட்டகைக்குள் பெஞ்சியில் கிடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் ஜெபம். மற்ற நாளில் பள்ளிக்கூடம்.

கொட்டகைக்கு வெளியே பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கிற்று. ஸ்டேஷனிலிருந்து சின்னதுரை என்றைக்கோ சுமந்து வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் மணி, சாவுக்கும் அதுதான் மணி. சாவுக்கு அடிக்கும்போது ஒன்று அடித்து, அது ஓய்ந்த பிறகு அடுத்ததை அடிக்க வேண்டும். சின்னதுரைக்குக் கையில் நிதானம் இல்லை. அழுதுகொண்டே, பள்ளிக்கூட மணி மாதிரியே கணகணவென்று அடித்தான்.

கொல்லைப் பக்கம் தலைகள் நிமிர்ந்தன. யாரோ ஒரு மேஸ்திரி அதட்டுவது கேட்டது. அதையும் மீறிக்கொண்டு வரப்பில் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கையெல்லாம் செம்மண். வண்டியைப் பார்த்ததும் ஓட்டம் நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், முன்னால் சின்ன வகுப்பு, பின்னால் பெரிய வகுப்பு என்று அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

கொட்டகை நிரம்பிவிட்டது.

லூர்துமேரி வாசலில் நின்றாள். சாத்துக்குடி இரண்டும் அவள் மடியில் இருந்தன.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், பாவாடையில் முடிந்து வைத்திருந்த பச்சை மல்லாட்டை ஒன்றை எடுத்து, சத்தம் வராமல் உடைத்து, வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.