வெட்டியெடுத்த துண்டு

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். எவர்சில்வர் தட்டில் என் வீட்டுக்காரரின் பெருங்குடல் ஒரு சாண் நீளத்துக்குக் கிடந்தது. டாக்டரம்மா கத்தரி முனையால் கட்டியைக் காட்டி, "முழுசா எடுத்தாச்சும்மா. வேற எங்கயும் பரவியிருக்கான்னு லேப் ரிப்போர்ட்லதான் தெரியும்," என்றார். முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் வார்டில் வீட்டுக்காரர் கண் விழித்ததும் கேட்டது இதுதான்: "என்னைப் பாத்து ஏன் அப்படி மூஞ்சியச் சுளிச்சே?"

"எப்பங்க?"

"தட்டுல கிடந்தேனே, அப்ப."

மயக்க மருந்து பேசுகிறது என்று நினைத்தேன். மனுஷன் பிளம்பர், வாய் ஓயாது. அட்மிட் ஆன அன்றே, "குழாய வெட்டி ஜாயிண்ட் போடறதுதானே, ஸ்பேனரக் குடுத்தா நானே முடிச்சுடுவேன்," என்று நர்ஸுகளைச் சிரிக்க வைத்தவர். இப்போது பேச்சில் கிண்டலே இல்லை. லேபுக்கு அனுப்பிய ஜாடிக்குள் இருட்டாக இருக்கிறதாம், மருந்து நெடி தாங்கவில்லையாம்.

இரண்டு நாள் கழித்து, "வெளிய எடுத்துட்டாங்க. கொழுப்பக் கிளறி, பயறு மாதிரி உருண்டைங்களப் பொறுக்கறாங்க. ஒண்ண விட்டுட்டாங்க. மடிப்புக்குள்ள இருக்கு," என்றார்.

ரிப்போர்ட் வந்தது. "குடலச் சுத்திப் பயறாட்டம் இருக்கற நெறிக்கட்டி எதுலயும் பரவல. கீமோ தேவையில்ல," என்றார் டாக்டரம்மா. சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்ப வேண்டியவள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மடிப்பைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரர் லேபுக்குப் போயிட்டு வந்தாரா?" என்று சிரித்தார். நான் விடவில்லை. என் தொல்லை தாங்காமல் போனை எடுத்து, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

மடிப்பில் ஒன்று இருந்தது. அதில் புற்றும் இருந்தது.

டாக்டரம்மா அதன்பிறகு சிரிக்கவில்லை. "நல்லவேளை கேட்டீங்க. கீமோ குடுத்துடலாம். பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவருக்கு ஏதோ வரம் கிடைத்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

கீமோ தொடங்குகிற அன்று காலையில் தெம்பாகவே இருந்தேன். கட்டிலோரம் உட்கார்ந்து, "என்ன, லேப்ல இப்ப என்ன நடக்குது?" என்று சீண்டினேன்.

"எரிச்சுட்டாங்க. அங்கேருந்து இனிமே ஒண்ணும் தெரியாது."

"அப்பாடா. விட்டது தொல்லை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப வேற ஒரு இடம் தெரியுது. இருட்டுதான். ஆனா நெடி இல்ல, கதகதப்பா இருக்கு. நீ பேசறது சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கற மாதிரி கேக்குது."

என் கையைப் பிடித்து வலது விலாவுக்குக் கீழே வைத்தார். "இங்கேருந்துதான் பாக்கறேன்," என்றார்.

ஈரல் இருக்கிற இடம். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று சொன்ன இடம். கையை எடுக்கப் பயந்து அப்படியே வைத்திருந்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால், இந்தத் தடவை அவர் நம்பிவிடுவார்.