ரூபி அக்காவின் வலது கண்

எங்கள் தெருவில் யாருடைய பொருளும் அவரவர் வீட்டில் இருப்பதில்லை. எது எங்கே நன்றாக இருக்குமோ அது அங்கே இருக்கிறது. எங்கள் ஆட்டுக்கல் அம்பாசமுத்திரத்தில், தண்ணீர் நல்லது என்பதால். துணி காயும் கொடி கோவில்பட்டியில். என் பொறுமை தென்காசியில் இருக்கிறது. சாரல் பட்டால்தான் அது கெடாமல் இருக்கும் என்று என் மனைவி பியூலா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். பியூலாவின் அம்மா, என் அத்தை தங்கபுஷ்பம், தன் மூச்சைக் கொடைக்கானலில் வைத்திருக்கிறார். எங்கள் உடன்குடி வெயில் அதற்கு ஆகாது. பொழுது சாய்ந்ததும் அது தானாக மலையிறங்கி வந்துவிடும், விடிந்ததும் போய்விடும்.

பகலில் இவற்றையெல்லாம் அழைத்துக் கொடுப்பவர் எதிர்வீட்டு ரூபி அக்கா. தெருவுக்கு ஒரு இடையாள் உண்டு, எங்களுக்கு அவர். நாம் இங்கே மாவாட்ட உட்கார்ந்தால் போதும், அவர் அம்பாசமுத்திரத்துக்குச் சொல்லிவிடுவார். மாவு இங்கே பொங்கும். ஆட்டுக்கல் வெளியூரில் இருப்பதே நமக்கு மறந்துபோகும்.

ஆனால் ரூபி அக்காவுக்குத் தானாக எதுவும் தெரியாது. காலையில் அவர் கண் திறப்பதற்கு முன்னால் காதில் தொடக்க வரியைச் சொல்ல வேண்டும். எது எந்த முகவரியில் இருக்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு எடுக்கலாம், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் நாக்கால் ஒரு 'டக்' போட வேண்டும். டக் இல்லாமல் சொன்னால் அக்கா அதை ஊர்வம்பு என்று எடுத்துக்கொள்வார். கண் திறந்த பிறகு எத்தனை டக் போட்டாலும் ஏறாது. மறுநாள்தான்.

வரி சொல்வது பியூலா. அவளைப் போல வரி சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. இதைச் சொன்னால் என்னைப் பொண்டாட்டிதாசன் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும். தெரு முழுவதையும் ஒரே வரியில் அடுக்குவாள். அதில் ஒரு சொல் உருவ முடியாது. நான் ஒருமுறை, நாளைக்கு நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"உங்க டக்கு பல்லி மாதிரி இருக்குங்க" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கொடைக்கானலிலிருந்து, மூச்சு தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போன் செய்தார். மறுநாள் வெள்ளையடிக்கிறார்களாம். மத்தியானம் அத்தையின் மூச்சை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். எந்த வீடு என்பதை மாற்றிய பிறகுதான் சொல்ல முடியும். காலையில் பழைய முகவரியைச் சொன்னால் மத்தியானத்துக்கு மேல் அத்தைக்கு மூச்சு வராது. புது முகவரியோ காலையில் கிடையாது. நடுப்பகலில் ரூபி அக்காவைத் தூங்க வைத்து மறுபடி எழுப்பவும் வழியில்லை. காப்பி குடித்துவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அன்று ராத்திரி சோறு எனக்கு இறங்கவில்லை. அத்தை மட்டும் இரண்டாம் முறை ரசம் ஊற்றச் சொன்னார்.

காலையில் பியூலா வழக்கம்போல் வரியைச் சொன்னாள். பழைய முகவரியைத்தான் சொன்னாள். சொல்லி முடித்த கையோடு அக்காவின் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். இடது கண் மட்டும் திறந்தது.

"ஏட்டி, என்ன?" என்றார் எழுந்துவிட்ட பாதி ரூபி அக்கா.

"இந்தக் கண்ணு மத்தியானம் எந்திரிக்கட்டும்க்கா. அதுக்கு வேற வரி இருக்கு."

"சரி. நான் காப்பி போடணும். கூடவே வா."

கூடவே போனாள். அக்கா அடுப்படிக்குப் போனால் அடுப்படிக்கு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. வைத்த கையை எடுக்கவில்லை. கண்ணைப் பொத்தியபடியே அக்காவுக்குத் தலைவாரிக்கூட விட்டாள், இடது கையால். பாதி அக்காதான் விழித்திருந்ததால் தெருவில் எல்லாம் பாதிப் பாதியாக வந்தது. துணிகள் ஒரு பக்கம் காய்ந்தன. நான் பதற்றத்தில் என் பொறுமையை அழைத்தேன். அதிலும் பாதிதான் வந்தது. அதை வைத்துக்கொண்டு, அத்தையும் தெரியும்படி, எதிர்வீடும் தெரியும்படி, கையில் போனோடு வாசலில் நின்றேன்.

மத்தியானம் அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மாப்ள, இந்தக் கொழம்புல புளி" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. நெஞ்சு ஏறவில்லை.

போன் அடிக்கவில்லை. அத்தையின் உதடு நாவல்பழம் தின்றது போல் ஆனது. எதிர்வீட்டில் பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, பார்த்தால் கை நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

போன் அடித்தது. "ஏரிக்கரை, பச்சை கேட் வீடு!" என்று தெருவுக்குக் குறுக்கே கத்தினேன்.

பியூலா அக்காவின் வலது காதுப்பக்கம் குனிந்தாள். அவசரப்படவில்லை. அவசரமாகச் சொன்ன வரி குழம்பிவிடும். டக், அம்மாவின் மூச்சு. டக், ஏரிக்கரை, பச்சை கேட். டக், காத்திருக்க வேண்டாம். பிறகு கையை மெல்லத் தூக்கினாள். வலது கண் திறந்தது.

"கூடிப்போச்சு" என்றார் அத்தை. தண்ணீர் குடித்தார். "இப்போ தைலமர வாசம் அடிக்கி" என்றும் சொன்னார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்படி ஒருத்தியை எனக்குக் கட்டிவைத்த அத்தையையும் கும்பிடத் தோன்றியது. அவர் இரண்டாம் சோற்றில் மும்முரமாக இருந்தார்.

பியூலா தெருவைத் தாண்டி வந்தபோது வலது கை இல்லாமல் வந்தாள். புதிதாகத் திறந்த கண் உச்சி வெயிலில் கூசுகிறது என்று அக்கா சொன்னாராம். மறைப்பாக இருக்கட்டும் என்று கையை அவர் நெற்றியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அங்கதான் அதுக்கு நல்லா இருக்கு" என்றாள்.

சாயங்காலம் இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. எதிர்வீட்டைப் பார்த்து ரூபி அக்காவை அழைத்து அந்தக் கையைக் கேட்டேன்.

"அசந்து தூங்குது, தம்பி" என்றார் அக்கா. "என்ன சொல்லி எழுப்பட்டும்?"

பியூலா என் முகத்தைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். டக், எதிர்வீட்டுப் படி. டக், என் இடது கை. டக், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம்.

பல்லி மாதிரிதான் இருந்தது. சற்று நேரத்தில் என் உள்ளங்கை சூடானது.