பெட்டித் தண்ணீர்

முபஷிர் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். சுபஹ் தொழுதான். கட்டன் சாயா போட்டு, அடுப்படியில் நின்றபடியே குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முந்தாநாள் துவைத்த சட்டை இன்னும் ஈரமாக இருந்தது. மலைமேல் வைத்திரியில் ஆகஸ்ட் மாதம் எதுவும் காயாது. அதையே போட்டுக்கொண்டான். கேஸை மூடினான், விளக்கை அணைத்தான், கதவைப் பூட்டினான், பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

ஆறேகாலுக்குக் கோழிக்கோடு பஸ் வந்தது. இடது பக்கம் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அவன் வலது பக்கம் போய் உட்கார்ந்தான்.

சுரம் என்கிற அந்த மலைப்பாதையில் மேலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள் ஒன்பதில் தொடங்கி ஒன்றில் முடியும். ஆறாம் வளைவு வந்தபோது அவன் பயணச்சீட்டை எடுத்துப் படித்தான். அதில் படிக்க அதிகம் இல்லை. பஸ் திரும்பி முடிக்கும்வரை படித்தான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், மார்ச் மாத வெயிலில், அந்த வளைவின் இடது ஓரத்தில் அவனுடைய மீன்வண்டி நின்றது. உள்ளே அவன் மனைவி ஷஹர்பான் இருந்தாள். வயிற்று வலி. உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது, உடனே கீழே மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு ஏற்கெனவே கீழே போயிருந்தது. காத்திருக்க வேண்டாம் என்று அவன்தான் முடிவெடுத்தான். பாதி வழியில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு பாதை அடைபட்டது. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. வண்டியை நிறுத்தினான். இருபது நிமிடத்தில் வழி விட்டார்கள். சாவியைத் திருப்பினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் எத்தனை தடவை திருப்பினாலும் அதே 'டக்'. யாரோ ஒருவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே பறந்தார். நாற்பது நிமிடம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார்கள் அங்கே.

அந்த நாற்பது நிமிடத்தைத்தான் இன்று திறக்கப் போகிறார்கள்.

வண்டியில் பாதி ஷஹர்பானின் அண்ணன் உனைஸுடையது. வாங்கியதே அவர்தான். ஆறு வருடம் அவரே ஓட்டினார். தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது, பி.காம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த மாப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் துறைமுகத்தில் ஏலம் எடுக்க உட்கார்ந்துவிட்டார். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து எல்லாரும் போன பிறகு முற்றத்தில் நின்று ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"எஞ்சினத் தெறக்கறப்போ நான் அங்க இருக்கணும். வண்டியோட விதியா, உன் கையோட தப்பா, எனக்கு அது தெரியணும். வண்டிதான்னா, அல்லாஹ் குடுத்தது. உன் கைதான்னா, எங்க வீட்டுப் படியேறாதே."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இப்போது மழை வந்து, பட்டறை வாசலில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த வண்டியின் டயர்கள் பாதி சேற்றில் இறங்கிய பிறகு, மெக்கானிக் சுகதன் இருவருக்கும் போன் செய்தார். ஒன்று வேலை பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள், என் வாசலில் மூங்கில் முளைக்கப்போகிறது என்று.

அடிவாரத்தில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. சுகதன் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். மேலே இருந்ததையெல்லாம் நேற்றே கழற்றி, ஒரு பழைய பேனர் துணியில் வரிசையாக அடுக்கியிருந்தார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் போல்ட்டுகள் மட்டும் பாக்கி.

"வாடா மோனே. சாயா குடிச்சியா?"

"குடிச்சேன் சுகதேட்டா."

"மூஞ்சியப் பாத்தா குடிச்ச மாதிரி இல்லையே. உன் அளியன் வந்தாச்சு. அங்க பாரு, போன்ல அயிலை மீனுக்குச் சண்ட போட்டுட்டு இருக்கான்."

மச்சான் உனைஸ் சாலையோரத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். வெள்ளை முண்டு, கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியது. "பெட்டி அவ்ளோ வெலைக்கு எடுத்துட்டு நான் என்ன, கடல்லயே திரும்பக் கொட்டறதா? வை போன" என்றார். வைக்கவில்லை. மேலும் பேசினார்.

"அவன் பேசி முடிக்கட்டும். முடிச்சதும் கடைசி போல்ட்ட எடுக்கறேன்" என்றார் சுகதன். ஆனால் கை நிற்கவில்லை. நீண்ட குழாயை ஸ்பானரில் செருகி, உடம்பின் எடையை அதன்மேல் போட்டார். போல்ட் கிறீச்சிட்டது. அடுத்தது. அடுத்தது.

முபஷிர் போல்ட்டுகளை எண்ணினான். ஐந்து மாதமாக ஒரு ஓடு விற்கும் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். வேலை, சாப்பாடு, தூக்கம். அழவில்லை. யாராவது கேட்டால் 'ம்' என்றான். ஆனால் இரண்டாவது மாதத்தில் ஒருநாள், கடையில் யாரோ ஒரு வாளியில் உப்பைக் கரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவனுக்கு அது தோன்றியது. தோன்றியது போகவில்லை.

மீன்வண்டியின் பின்னால் ஐஸ் உருகும். மீன் பெட்டிகளுக்கு அடியில் தேங்கும், கடலின் உப்பேறிய அந்தத் தண்ணீர் சாலையில் சொட்டினால் போலீஸ் அபராதம் போடும். அதனால் ஒரு குழாய் வைத்து, அதை அடியில் கட்டிய கேனில் பிடிப்பார்கள். மழைக்காலத்தில் சுரத்தில் பாறைக்குப் பாறை தண்ணீர் கொட்டும். கோடையில் ஒரு சொட்டு கிடைக்காது. பாரத்தோடு ஏறும்போது வண்டி கொதித்தால், கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்தக் கேன்தான். ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீர். துணியில் வடிகட்டி ரேடியேட்டரில் ஊற்றினால் முள் உடனே இறங்கும். இந்தச் சாலையில் மீன் ஏற்றுகிற எல்லாரும் செய்வதுதான். அவனும் செய்தான். அன்று காலையிலும் செய்தான். இரண்டு தடவை.

"பிடி" என்றார் சுகதன். "அந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்கு."

ஹெட் முனகிக்கொண்டு பிரிந்தது. தூக்கி, டயர் மேல் திருப்பி வைத்தார்கள். சுகதன் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

முபஷிரும் பார்த்தான். தண்ணீர் ஓடும் துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. சில இடங்களில் அலுமினியமே இல்லை. கரையான் அரித்த பலகை மாதிரி பொடிந்திருந்தது. மூன்றாவது சிலிண்டருக்கும் அதன் பக்கத்துத் துளைக்கும் நடுவே, தண்ணீர் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட் தகடு அறுந்து, சின்ன வாய்க்கால் போல ஒரு தடம். அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது. சூடான இன்ஜினை நிறுத்திய அந்த இருபது நிமிடத்தில். தண்ணீர் நிறைந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வர முடியாது. டக்.

அவன் தலை தூக்கினான். சுகதன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மீன்வண்டியைத் திறந்த கை அது. அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

சாலையோரத்தில் உனைஸ் போனை மடித்துப் பையில் போட்டார்.

சுகதன் சட்டென்று டீசல் துணியை எடுத்தார். அழுத்தித் துடைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. வெள்ளை, கறுப்புக் குழம்பாகிவிட்டது.

"என்ன சுகதேட்டா?" என்று கேட்டுக்கொண்டே உனைஸ் வந்தார். முபஷிரைப் பார்க்கவில்லை. "என்ன பாத்தீங்க?"

"என்னத்தப் பாக்கறது? வயசு. ஒம்போது வருஷம் மலையேறின வண்டி. கேஸ்கெட் போயிருக்கு, தண்ணி சிலிண்டருக்குள்ள எறங்கிருச்சு. அப்புறம் நீ தலகீழா நின்னு சாவியத் திருப்பினாலும் அது சுத்தாது."

"எறக்கந்தான? கியர விட்டுட்டு உருட்டியிருக்கலாம்ல?"

இது ஐந்து மாதமாக அவர் வைத்திருந்த கேள்வி. சத்தம் உயர்ந்தது.

"எஞ்சின் ஓடலன்னா பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். ஒரு வளைவு தாண்டுவான், ரெண்டாவதுல பள்ளத்துல கெடப்பான். முன்னாடி நின்ன நாலு காரையும் கூட்டிட்டு. நீ ஓட்டினவந்தான உனைஸே, உனக்குத் தெரியாதா?"

உனைஸ் குனிந்தார். ஹெட்டையே பார்த்தார். தாடியைத் தடவினார்.

"அப்ப யார் தப்பும் இல்ல?"

"யார் தப்பும் இல்ல" என்றார் சுகதன், துணியைப் பிழிந்துகொண்டே.

உனைஸ் நீளமாக மூச்சு விட்டார். அவர் தோள் இறங்கியது. அத்தனை நாளும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முபஷிர் பக்கம் திரும்பி, அவன் தோளில் கையை வைத்தார். கனமான கை, விரலெல்லாம் ஐஸ் வெட்டிய தழும்பு.

"உம்மா உன்னக் கேட்டுட்டே இருக்கா. ராத்திரி சாப்பாட்டுக்கு வா. இன்னிக்கே வா. பத்திரி சுடச் சொல்றேன்."

முபஷிருக்குத் தலையை ஆட்டினால் போதும். சுகதன் அதைத்தான் கண்ணால் சொன்னார். ஆட்டுடா. அந்தக் கை தோளிலேயே இருந்தது. அதன் சூடு ஈரச் சட்டைக்குள் இறங்கியது.

"இக்கா" என்றான். "நான் பெட்டித் தண்ணி ஊத்தினேன்."

"என்னது?"

"ரேடியேட்டர்ல. கேன்ல இருந்த தண்ணி. கோடைக்குக் கோடை ஊத்தினேன். அன்னிக்குக் காலையில ஏறும்போதும் ஊத்தினேன். உப்பு தின்னுருக்கு. சுகதேட்டன் தொடச்சிட்டார்."

சுகதன் துணியைத் தரையில் அடித்தார். "உன்ன யாருடா கேட்டா? படிச்சவன்னு பேரு. வாயில ஒரு கேஸ்கெட் போடத் தெரியுதா?"

உனைஸின் கை தோளிலிருந்து விலகியது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தான். நின்றான். உனைஸ் அவனைத் தாண்டி நடந்து, கழற்றிச் சுவரில் சாய்த்திருந்த ரேடியேட்டர் அருகே குந்தினார். மூடியைத் திறந்தார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுரண்டினார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்தார்.

சாலையில் ஒரு பஸ் போனது. அது வளைந்து மறையும்வரை அவர் அப்படியே குந்தியிருந்தார்.

"சுகதேட்டா, இது எத்தன வருஷத்து உப்பு?"

"விடு உனைஸே."

"சொல்லுங்க. உங்க கை மேல ஆணையா சொல்லுங்க."

சுகதன் முபஷிரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மூணு வருஷத்துல இவ்ளோ தின்னாது. அதுக்கும் முன்னாலயிருந்து தின்னுட்டு வருது."

"ம்." உனைஸ் துப்பினார். முண்டில் விரலைத் துடைத்தார். எழ முயன்றார், முடியவில்லை, ஒரு பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். "இவன் முதல் தடவ வண்டி ஏத்தினப்போ பக்கத்துல நான் இருந்தேன். எட்டாவது வளைவுல கொதிச்சுது. இவன் தண்ணி தேடிப் பாறைப் பக்கம் ஓடினான். நான் சிரிச்சேன். 'டேய் பட்டதாரி, பின்னாடி கடலையே கட்டிட்டு வந்திருக்கோம், நீ எங்கடா ஓடற?'ன்னேன்." முபஷிரை நிமிர்ந்து பார்த்தார். "ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அத ஏன் சொல்லல? இப்போகூட 'நான் ஊத்தினேன்'னுதான சொன்ன?"

முபஷிர் தரையில் கிடந்த துணியை எடுத்து வைத்தான். ஊற்றியது அவன்தான்.

சுகதன் தொண்டையைச் செருமினார். "ரெண்டு பேரும் கேளுங்க. ஹெட்டு புதுசு போடணும், ரேடியேட்டரும் புதுசு. பிளாக்க லேத்துக்கு அனுப்பணும். எல்லாம் சேத்து ஒண்ணே கால் லட்சம் தாண்டும். எடைக்குப் போட்டா அதுல பாதிகூட வராது. லேத்துக்குப் போற ஜீப்பு இப்ப வந்துரும். ஏத்தவா, வேணாமா?"

ஓட்டுக் கூரையிலிருந்து விட்டுப்போன மழை சொட்டியது.

"ஏத்துங்க" என்றார் உனைஸ். "பாதி நான், பாதி இவன். ஆனா இனி அந்தக் கேன் வண்டியில இருந்தா ரெண்டு பேர் கையையும் வெட்டுங்க."

சுகதன் இன்ஜினைத் தூக்க ஆள் கூப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டு சாயாக்கடைப் பக்கம் நடந்தார். ஆள் அங்கே கிடைக்காது என்பது மூவருக்கும் தெரியும்.

உனைஸ் நகர்ந்து டயரில் இடம் விட்டார். முபஷிர் உட்கார்ந்தான். எதிரே தலையில்லாத இன்ஜின்.

"அளியா, இன்னொண்ணு கேக்கறேன்" என்றார் உனைஸ். குரல் வேறாக இருந்தது. "அன்னிக்கு அவ மய்யித்த வீட்டுக்குக் கொண்டு வந்ததும் உம்மா உன் சட்டையப் பிடிச்சுக் கேட்டா, கடைசியா என்ன சொன்னாள்னு. கலிமா சொன்னாள்னு நீ சொன்ன. அதச் சொல்லிச் சொல்லித்தான் உம்மா இன்னும் உயிரோட இருக்கா. உம்மாகிட்ட அது அப்படியே இருக்கட்டும். எனக்குச் சொல்லு. சொன்னாளா?"

"இல்ல."

"பின்ன?"

அன்று வளைவில் அவன் பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். ஆவி முகத்தில் அடித்தது. வரிசையில் நின்ற கார்க்காரர்கள் குடிக்க வைத்திருந்த பாட்டில்களை நீட்டினார்கள். ஒவ்வொன்றாக ஊற்றினான். நடுநடுவே ஓடிவந்து ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தான். மூன்றாவது தடவை வந்தபோது அவள் தலையில் போட்ட தட்டத்தால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து பக்கத்தில் உட்காரப் போனான். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டி ஒன்று சொன்னாள். அடுத்த தடவை அவன் வந்தபோது கண் மூடியிருந்தது. அதற்குப் பிறகு ஜீப்பிலும் அவள் பேசவில்லை.

அவன் அதைச் சொன்னான், அவள் சொன்னபடியே.

"நீங்க போயி வண்டியப் பாருங்க. நான் இங்கதான இருக்கேன்."