கதவைவிடப் பெருத்த பானை

1

இந்தக் கதை ஓர் அளவுநாடாவிலிருந்து பிறந்தது. மண்பாண்ட அருங்காட்சியகம் ஒன்றில் புதுப்பிக்கும் வேலை நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போனேன். அங்கே ஓர் அம்மாள் பானையை அளந்தார், வாசலை அளந்தார், மறுபடி பானையை அளந்தார், கடைசியில் நாடாவையே சந்தேகமாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். (போனேன் என்பது பொய். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பார்வை மட்டும் நிஜம்.)

முதல் வரியாக இதை வைத்திருந்தேன்: "மண்ணுக்கு மனிதனைவிட நினைவாற்றல் அதிகம், ஏனென்றால்..." ஏனென்று எனக்கே தெரியாததால் விட்டுவிட்டேன். அடுத்து: "காப்பாட்சியர் கண்ணீரை அடக்கிக்கொண்டு..." அதுவும் தேறவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பயத்தில் வருகிற சிரிப்பு.

2

அவர்தான் அந்த இடத்தின் காப்பாட்சியர். அரண்மனைத் தட்டுகளும் தேநீர்க் கோப்பைகளும் கண்ணாடிக்குள் தூங்கிய அந்தக் கட்டடத்தில், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கும் மலையில் வாழும் தொல்குடி மக்களுக்கும் ஒரு கூடம் வேண்டும் என்று இயக்குநரை நச்சரித்து நச்சரித்து வாங்கியவர்.

கூடத்தின் வாசற்சுவரை அவரே செய்தார். கிடங்கில் கிடந்த உடைந்த பீங்கான் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்தி, சுவர் முழுக்கப் பதித்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. கல்யாணம் ஆகாத பெண் என்று உறவில் பேசுவார்கள். அவருக்கு அந்தச் சுவர் போதுமாயிருந்தது. (இந்த வாக்கியத்தை நான் நம்பவில்லை. ஆனால் அவர் நம்பினார், அதனால் இருக்கட்டும்.)

மலையிலிருந்து பானை வனையும் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி, அவளுடைய இரண்டு நாத்தனார்கள். நாத்தனார்கள் அவளை அண்ணி என்று கூப்பிட, காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள். காப்பாட்சியர் எதையும் விளக்கிச் சொல்லாமல் விடமாட்டார் என்பதால் அண்ணி அவரை டீச்சர் என்றாள். வரவேற்பில் டீச்சர் மைக்கைப் பிடித்து, "இது உங்க இடம்" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

3

அண்ணியின் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இன்னும் சுடாத பச்சைப் பானைக்குப் பக்கத்தில் யார் வந்து நின்றாலும், கையில் ஒரு மண் உருண்டையைக் கொடுத்துவிடுவார்கள். வந்தவர் அதைக் கயிறாகத் திரித்துப் பானையின் மேல் ஒரு வளையம் வைக்க வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது.

மலையில் இது சரி. இங்கே வாசலில் "எல்லோரும் வருக" என்று டீச்சர் பலகை மாட்டியிருந்தார்.

வந்தார்கள். எதிர்க்கடைத் தையல்காரர் வந்தார். ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் வந்தது. சண்டை போட்டுப் பேசாமலிருந்த சம்பந்திகள் இருவர் தனித்தனியாக வந்து, தெரியாமல் அடுத்தடுத்த வளையம் வைத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்கத் "தொடாதீங்க" என்றே சொல்லிப் பழகிய காவலாளி முழங்கை வரை மண்ணை அப்பிக்கொண்டு, வீட்டுக்கே போகமாட்டேன் என்றார். ஒவ்வொரு வளையத்துக்கும் பானையின் வயிறு பெருத்தது. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.*

* பானையை நகர்த்தச் சக்கரம் வைத்த பலகைமேல்தான் வனைந்தார்கள். அது டீச்சரின் யோசனை. எல்லாவற்றையும் யோசிக்கிறவர் அவர். பாவம்.

4

பானையைச் சுட வேண்டிய நாளில் நாடா வந்தது. சூளை முற்றத்தில், பானை கூடத்தில், நடுவே கதவு.

"எத்தனை தடவை அளந்தாலும் கதவு வளராது டீச்சர்" என்றாள் அண்ணி.

அருங்காட்சியகக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அவர்கள் உலகத்தில் பொருள்கள் உள்ளே வரும், அதோடு சரி. உள்ளே ஒன்று பிறந்து வளர்ந்து வெளியே போகும் என்று யாரும் நினைத்ததில்லை. வானமோ மூடிக்கொண்டு நின்றது. ஈரக்காற்று அடித்தால் பச்சைப் பானையின் வயிறு சரிந்து, அத்தனை பேர் வளையமும் வெறும் சேறாகிவிடும்.

5

நான் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

பானையை இரண்டாக அறுக்கலாம். "எந்த இடத்துல அறுப்பீங்க, வாட்ச்மேன் வளையத்துலயா, பிள்ளைங்க வளையத்துலயா" என்று கேட்டு அண்ணி என் பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

கூடத்துக்குள்ளேயே சுடலாம். தீயணைப்பு வண்டி வரும், நல்ல காட்சி. கூரை போய்விடும்.

சுடாமலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம். இது இயக்குநருக்கு ரொம்பப் பிடித்தது. "பாக்க இப்பவே நல்லாத்தானே இருக்கு?"

"தண்ணி ஊத்த முடியாததை நாங்க பானைன்னு சொல்ல மாட்டோம் சார்."

(மந்திரத்தால் கதவு விரிகிற முடிவு ஒன்றும் அரைப்பக்கம் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.)

6

"டீச்சர், இது எங்க இடம்னு மைக்ல சொன்னீங்களே. நிஜமாத்தானா?"

"நிஜமாத்தான் அண்ணி."

"அப்ப செவுத்தை இடிக்கலாம்."

நாத்தனார்கள் தரையைப் பார்த்தார்கள். இயக்குநர் தனக்குப் போன் வந்ததாகப் பாவனை செய்தார். மூலையில் பூச்சு வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார், "மேல பீம் இருக்கும்மா, வாசலை ஒட்டின செவுரை எடுத்தா ஒண்ணும் ஆகாது" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"அது நான் கட்டின செவுரு, அண்ணி."

"தெரியும். அதனாலதான் உங்களைக் கேக்குறேன். சாரைக் கேட்டா கமிட்டி போடுவாரு."

இந்த இடத்தில் நான், 'டீச்சர் மெல்லத் தலையசைத்து, "வேண்டாம் அண்ணி, வேற ஏதாவது..."' என்று ஆரம்பித்தேன். வாக்கியம் முன்னே போக மறுத்தது. மைக்கில் சொன்ன சொல்லை நான் எப்படி அவரிடமிருந்து திரும்ப வாங்குவது? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுவரிலிருந்து அவரைப் பார்த்தது. பிறகு அவர் கொத்தனாரிடம் கை நீட்டிச் சம்மட்டியை வாங்கினார்.

"முதல் அடி நான் அடிக்கிறேன். வேற யாராவது அடிச்சா எனக்குத் தாங்காது."

"அடிங்க. மூஞ்சியத் திருப்பிக்கோங்க, சில்லு தெறிக்கும்" என்றாள் அண்ணி.

அடித்தார். வலித்தது, நன்றாகவே வலித்தது. நீலப் பூப்போட்ட ஒரு தட்டின் பாதி காலடியில் விழுந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை பயத்தில் இல்லை. இரண்டாவது அடியை யாரும் கேட்கவில்லை, அவராகவே அடித்தார்.

7

பானை வெளியே போயிற்று. தையல்காரர் தள்ள, காவலாளி இழுக்க, சம்பந்திகள் இருவரும் "பாத்து, பாத்து" என்று ஒருவரையொருவர் அதட்ட, அது இடிபாடுகளுக்கு நடுவே கர்ப்பிணிபோல நிதானமாக நகர்ந்தது. மழைக்கு முன்னால் சூளை மூட்டிவிட்டார்கள்.

பானை வெந்து முழுசாக வந்ததா, நெருப்பில் வெடித்ததா? கேட்காதீர்கள். அண்ணியிடம் நானும் கேட்டேன். "ஆறட்டும்" என்றாள்.

அதற்குள் கொத்தனார் டீச்சரிடம் வந்து, ஓட்டையைக் காட்டி, "புதுக் கதவுக்கு எவ்வளவு அகலம் விடணும்மா?" என்றார். டீச்சர் நாடாவை எடுத்தார். பானையை அளந்தால் இந்தப் பானைக்கு மட்டும்தான் போதும் என்பது நினைவுக்கு வந்து, அதைச் சுருட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

எனக்கும் தெரியவில்லை. நான் ஓர் அளவு சொன்னால், அடுத்து வருகிறவர்களை அதற்குள் அடக்கிவிடுவேன். கலவை காய்ந்துகொண்டிருக்கிறது, கொத்தனார் நிற்கிறார். எவ்வளவு விடட்டும் என்று நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.