ஐந்து மாதச் சினை

றிஸ்மினாவின் வலது கை தோள்மூட்டு வரை பசுவுக்குள் இருந்தது. நீளக் கையுறைக்குள் வியர்த்துக் கொட்டியது. மதுரங்குளிக்கு வெளியே, தென்னந்தோட்டத்து மூலையிலிருந்த மர்ஸூக்கின் மாடறுக்கும் கொட்டிலில் காலை ஏழு மணிக்கே வெக்கை ஏறியிருந்தது. சினைமாட்டை அறுப்பதில்லை என்பதில் மர்ஸூக் கண்டிப்பானவர், சட்டமும் அப்படித்தான். அதனால் எட்டு மாதமாக, ஆராய்ச்சிக்கென்று வந்துபோகும் மிருக வைத்தியரான றிஸ்மினாவையே பசுக்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்; அவளும் அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றே கூப்பிடுவாள்.

அவளுடைய ஆராய்ச்சி காளைக் கன்றுகளின் விதைப்பைக்குள்ளிருக்கும் விதையைப் பற்றியது. விதை வளரும்போது, அதன் உயிர்க்கலங்களுக்கு உருவம் கொடுத்து நிறுத்திவைக்கும் இழைப் புரதங்கள் எப்போது தோன்றுகின்றன, எங்கே கூடுகின்றன என்று சாயமேற்றிப் பார்த்து வந்தாள். பிறந்த கன்று முதல் முற்றிய காளை வரை எல்லா வயதுக்கும் அவளிடம் மாதிரி இருந்தது. பிறக்காத கன்றினது மட்டும் இல்லை. தொடக்கமே இல்லாத ஆய்வை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று பேராசிரியர் போன வாரமும் கேட்டிருந்தார். மாதக் கடைசியில் அவள் ஆய்வை ஒப்படைக்கும் தவணை முடிகிறது.

விரல்களின் கீழ் கருப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அதிர்ந்தது. தண்ணீர் ஓடும் குழாயைத் தொட்டாற்போல. ஐந்து மாதம். சந்தேகமே இல்லை.

பசுவின் சொந்தக்காரி ஸுலைஹா கரைத்தீவிலிருந்து வந்திருந்தாள். இரண்டு வருடமாகச் சினை நிற்கவில்லை, இனித் தீனி போட வழியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது பசுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன தங்கச்சி, இருக்கா?” என்றார் மர்ஸூக்.

“இல்ல நானா.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவளுக்கே கேட்டது. மர்ஸூக்கும் அவருடைய தம்பியும் பசுவின் கால்களைக் கட்டி, தொழும் திசையான கிப்லாப் பக்கம் சரித்தார்கள். றிஸ்மினா குழாயடியில் கையைக் கழுவினாள். அதிர்வு போகவில்லை. அது கிடாரிக் கன்றாகவும் இருக்கலாம். காளையாக இருந்தால் அவளுக்குக் கிடைப்பது அவரைக்கொட்டையளவில் இரண்டு துண்டுகள். வயிற்றைத் திறந்ததும் மர்ஸூக் திடுக்கிடுவார். அவள் தவறிவிட்டாள் என்றுதான் நினைப்பார். ஆறுதலும் சொல்வார். அந்த ஆறுதலை நினைத்ததும் அவள் குழாயை மூடாமலே திரும்பி நடந்தாள்.

மர்ஸூக் கத்தியோடு குனிந்தார்.

“நிப்பாட்டுங்க நானா. அது சினை.”

அவர் நிமிர்ந்தார். “இப்பதானே இல்ல எண்டு சொன்னீங்க. பிழையாப் பாத்திட்டீங்களா?”

‘ஓம், பிழைதான்’ என்றால் முடிந்துவிடும். அதைத்தான் அவரும் எதிர்பார்த்து நிற்பதுபோலிருந்தது.

“பிழையாப் பாக்கல்ல. தெரிஞ்சிதான் சொன்னன். எனக்கு அந்தக் கண்டுக்குட்டி தேவைப்பட்டிச்சி.”

மர்ஸூக் கத்தியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். இனி அவள் இங்கே வர வேண்டாமென்று, சத்தம் கூட்டாமல், முடிச்சைப் பார்த்தபடியே சொன்னார். அவள் தலையசைத்தாள். எட்டு மாத வேலை அத்தோடு நின்றது.

ஸுலைஹாவுக்குத்தான் விளங்க நேரமெடுத்தது. சினையா, சினையா என்று மர்ஸூக்கிடமே இரண்டு தரம் கேட்டாள். றிஸ்மினாவின் பக்கம் திரும்பவேயில்லை.

பசு உடனே எழும்பவில்லை. கட்டு அவிழ்ந்தது தெரியாததுபோல் கால்களைச் சேர்த்தபடியே கிடந்தது. ஸுலைஹா மண்ணில் குந்தி, முக்காட்டை விலக்கி, அதன் வயிற்றில் காதை வைத்தாள். பசு மூச்சு விட்டபோதெல்லாம் அவளுடைய தலையும் அதோடு மெல்ல உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்தது.