வாலில் இருந்த அரை சென்டிமீட்டர்

லிஃப்ட் மெக்கானிக்கிடம் இருபத்து மூன்று தூண்டில் ராடுகள் இருந்தன. கை இரண்டுதான். மனைவி இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியும் அவர் மண்டையில் ஏறவில்லை. லிஃப்டைத் திறக்கவே ஒன்பது ஸ்பேனர் வேண்டியிருக்கிறது, மீனுக்கு மட்டும் ஒரு ராடு எப்படிப் போதும் என்பது அவர் கட்சி.

எல்லாம் பாஸ் என்கிற ஒரே ஒரு மீனுக்காக. ஏரியில் வளர்கிற மீன் அது. வாய் அகலம், கோபம் அதைவிட அகலம். பசியில் கடிப்பதைவிட எரிச்சலில் கடிப்பதுதான் அதிகம் என்று மெக்கானிக் சொல்வார். அதற்கு எரிச்சல் மூட்டத்தான் அத்தனை சாமான். வளைகிற ராடு, வளையாத ராடு, நுனி மட்டும் வளைகிற ராடு. தெளிந்த தண்ணீருக்கு ஒரு தூண்டில் நரம்பு, புல் மண்டிய இடத்துக்கு இன்னொன்று, அவற்றைச் சுற்றி வைக்க விதவிதமான ரீல்கள். ரப்பர் புழுக்கள் மட்டுமே நாற்பத்தொரு நிறத்தில். இவை அனைத்தும் மாடியில் இருந்த ஒரே அறையில், நல்ல ஜன்னல் வெளிச்சத்தில், ராஜபோகமாக வாழ்ந்தன. மீனுக்கு எரிச்சல் வந்ததோ இல்லையோ, வீட்டில் இருந்தவளுக்கு நன்றாகவே வந்தது.

அவள் தையல்காரி. மாடியில் புழுக்கள் வெயில் காய, அவள் கீழே இருட்டு மூலையில், சாப்பாட்டு மேசையில் துணி வெட்டி, அதை ஒட்டி நின்ற இரும்பு மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். வேளைக்கு வேளை துணியைச் சுருட்டித் தட்டு வைக்க வேண்டும், தட்டை எடுத்துத் துணியை விரிக்க வேண்டும். இப்படியே எத்தனையோ வருஷம் பொறுத்தவள்தான். ஒருநாள் மெக்கானிக் புதிதாக வாங்கிய பொம்மை மீன் ஒன்றை, 'ஒரே நிமிஷம்' என்று மேசை மேல் வைத்தார். அதன் வயிற்றடியில் ஆறு முள். மறுநாள் ஒரு வாடிக்கைக்காரம்மா தன் வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பியபோது, முதுகு லேஸில் அந்த மீன் வாயைப் பிளந்தபடி தொங்கியது.

அன்று சாயங்காலம் மெக்கானிக் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு தொடங்கிவிட்டது.

"மாடி ரூம் எனக்கு வேணும்."

"அப்ப என் சாமானெல்லாம்?"

"ஒரு ராடு வச்சுக்கோங்க. கதவுக்குப் பின்னாடி நிறுத்தலாம்."

மெக்கானிக் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. "உனக்கு என்ன தெரியும்? காத்து எந்தப் பக்கம், தண்ணி எப்படி இருக்கு, எல்லாம் பாத்து எந்த ராடு, எந்த ரீல், எந்தப் புழுன்னு எடுக்கணும். ஒரே ராடை வச்சுக்கிட்டு பாஸ் பிடிக்கிறேன்னா ஏரியே சிரிக்கும்."

"நான் ஒண்ணே ஒண்ண வச்சு உங்களைவிடப் பெரிய மீனாப் பிடிச்சா?"

"ரூம் உனக்கு. தாராளமா எடுத்துக்கோ!"

வாய் முந்திக்கொண்டது. அதுவும் சாட்சி இருக்கும்போது முந்திக்கொண்டது. அவளுடைய தம்பி, பல் செட் செய்து பிழைக்கிறவன், அக்கா வீட்டு மேசையில் கொஞ்சம் இடம் கண்டுபிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நான் கேட்டேன் மாமா. நல்லாவே கேட்டேன்" என்றான் வாயில் சோற்றோடு.

ஞாயிற்றுக்கிழமை, காலையிலிருந்து பகல் பன்னிரண்டு வரை. ஆளுக்கு ஒரு ராடு. பிடித்த மீனை மெக்கானிக்கின் அளவுப் பலகையில் வைத்து நீளம் பார்த்துவிட்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். பெரிய மீன் யாருடையதோ அறை அவர்களுடையது. படகைத் தம்பி ஓட்டுவான். எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் வெகு அப்பாவியாகச் சொன்னாள்: "எனக்கு வேண்டிய சாமானை நீங்களே எடுத்துக் குடுங்க. எனக்கு என்ன தெரியும்?"

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்து பொறுக்கினார். தனக்கு எதை எடுப்பது என்பதில் குழப்பமே இல்லை. நடுத்தர ராடு, கையோடு பழகிய ரீல், அதிர்ஷ்டக்காரப் பச்சைப் புழு. மூளை முழுவதும் செலவானது மனைவிக்குப் பொறுக்குவதில். மோசமான சாமானாகவும் இருக்க வேண்டும், பார்த்தால் உயர்ந்ததாகவும் தெரிய வேண்டும். கடைசியில் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த உருளை ரீலை எடுத்தார்.

சாதா ரீலில் நரம்பு தானாக உருவிக்கொண்டு ஓடும், குழந்தைகூட எறியலாம். உருளை ரீலில் நரம்பு சுற்றிய உருளையே சுழலும். எறிந்ததும் அது பம்பரமாகப் பறக்கும். புழு வேகம் குறைந்து தண்ணீரில் இறங்கும்போது உருளைக்கு அந்தச் செய்தி தெரியாது, அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலால் தொட்டும் தொடாமலும் அதை அடக்க வேண்டும். கூடுதலாக அழுத்தினால் புழு காலடியில் விழும். கொஞ்சம் அசந்தால் நரம்பு மொத்தமும் பொங்கிச் சிக்கிக்கொள்ளும். மெக்கானிக் அதை வாங்கிய புதிதில் இரண்டே முறை எறிந்தார். இரண்டு முறையும் கத்திரிக்கோல்தான் கைகொடுத்தது. அதற்குப் பிறகு 'ரொம்ப நுட்பமான ரீல்' என்று விருந்தாளிகளுக்குக் காட்டுவதோடு சரி.

அதை ஒரு முரட்டு ராடில் பூட்டினார். கூடவே நாற்பத்தொரு நிறத்தில் எந்த மீனும் சீண்டாத அடர்ந்த கத்தரிப்பூ நிறப் புழு.

"இருக்கறதுலயே விலை ஒசந்தது. உனக்குன்னுதான் எடுத்தேன்" என்று மனைவி கையில் கொடுத்தார். அவள் உருளையைச் சுண்டிச் சுற்றவிட்டுப் பார்த்தாள். "அழகா சுத்துதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிறு காலை ஏரி கலங்கிக் கிடந்தது. முந்தின நாள் மழை. மெக்கானிக் முன்பக்கம் நின்று எறிந்தார். பின்பக்கம் நின்ற மனைவி எறிய ஓங்கியபோது, இவர் தன் தூண்டிலை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சர்ரென்று உருளை சுழன்றது. நரம்பு பொங்கியது. சிக்கல்!

"அடடா" என்றார், வாயெல்லாம் பல்லாக. "கத்திரி தரவா?"

"நல்ல நரம்பை யாராவது வெட்டுவாங்களா?" அவள் ஜாக்கெட்டில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து, எந்தக் கண்ணி எதற்கு அடியில் போகிறது என்று பார்த்து, இரண்டு இழுப்பு இழுத்தாள். ஒரு நிமிஷத்தில் சிக்கல் போன இடம் தெரியவில்லை. நூலோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குச் சிக்கலைக் கொடுத்தோமே என்று மெக்கானிக்குக் கொஞ்சம் உறுத்தியது.

இரண்டாவது எறிதலில் முழுதாக உறுத்தியது. புழு வளைந்து போய், சத்தமே இல்லாமல், நாணல் ஓரத்தில் இறங்கியது. உருளை அதே கணத்தில் நின்றது. மூன்றாவதும் அப்படியே, இன்னும் ஒரு முழம் தள்ளி.

"எப்படி அக்கா?" என்றான் தம்பி.

"மெஷின் சக்கரம் மாதிரிதான்டா. வேகமா ஓடும்போது ஊசி எங்க நிக்கணுமோ அங்க கையை வச்சு நிறுத்தறோமில்ல? இது அதைவிட லேசு. இதுல விரலைக் குத்திக்கிற பயம் இல்ல."

மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை சுழலும் சக்கரத்தைத் தொட்டு நிறுத்துகிற கைக்குத் தேடித் தேடி அதற்கென்றே செய்தது போன்ற ஒரு ரீலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பட்டுத் துணியில் சுற்றி வேறு.

இருந்தாலும் எறிவது வேறு, பிடிப்பது வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அதற்குப் பலனும் கிடைத்தது. பத்தரை மணிக்கு அவர் ராடு வளைந்தது. மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேல் எம்பித் தலையை உதறியது. இவர் அசரவில்லை. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் படகில் ஏற்றினார். அந்த ஐந்து நிமிஷம் அவர் உண்மையிலேயே நல்ல தூண்டில்காரர், அதை மறுக்க முடியாது. ஈரப் பலகையில் மீனைக் கிடத்தி, வாயைப் பலகையின் தலைமாட்டில் முட்டவைத்து, வாலின் இரண்டு இதழையும் விரலால் சேர்த்துப் பிடித்து அளந்தார். முப்பத்தொன்பது சென்டிமீட்டர்.

"வாலை ஏன் பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"சேத்துப் பிடிச்சாத்தான் முழு நீளம் வரும். அதான் முறை."

"ஓ" என்றாள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் நரம்பு விலுக்கென்று ஓடியது. கலங்கிய தண்ணீரில் பச்சைப் புழுவைவிடக் கருத்த புழுதான் மீன் கண்ணுக்குத் தெரியும். மெக்கானிக்குத் தெரியாத விஷயமா இது? மழை வரும் என்பதுதான் தெரியாது. முரட்டு ராடு நாணலுக்குள்ளிருந்து மீனைக் கறாராக வெளியே இழுத்து வந்தது. வேறு எந்த ராடாக இருந்தாலும் நரம்பு அறுந்திருக்கும். அதுவும் அவர் பொறுக்கிக் கொடுத்ததுதான்.

மீனைப் பார்த்ததும் அவர் கண்ணாலேயே அளந்துவிட்டார். தன்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. கொஞ்சமே கொஞ்சம். மாடி அறை கண் முன்னால் வந்தது. சுவர் முழுக்க ராடுகள், மழை நாளில் அங்கே உட்கார்ந்து ரீல்களுக்கு எண்ணெய் போடும் சுகம், யாரும் எதுவும் கேட்காத அந்த ஒரே இடம். மீனைக் கிடத்தினார். வாயை முட்டவைத்தார். வாலை மட்டும் பிடிக்கவில்லை. அது விசிறி மாதிரி விரிந்தே கிடந்தது.

"முப்பத்தெட்டரை" என்றார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

தம்பி பலகையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவள் மீனை இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரில் விட்டாள். "அரை சென்டிமீட்டர்ல போச்சே" என்றாள். கோபமே இல்லை. பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

வீட்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். மெக்கானிக் காரை ஓட்டினார். ஜெயித்தவர் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவே இல்லை. பின் இருக்கையில் அக்காளும் தம்பியும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள், பிறகு நல்ல பிள்ளைகளாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆரஞ்சுச் சுளை முன்னால் நீண்டது.

"சாப்பிடுங்க. கை வலிக்கும் உங்களுக்கு. எவ்வளவு பெரிய மீனு!"

விழுங்கினார்.

"நான் கீழயே தச்சுக்கறேங்க. பழகினதுதானே. கண்ணுதான் கொஞ்சம் வலிக்குது, லைட்டை இன்னும் பக்கமா இழுத்துக்கிட்டா சரியாப் போயிடும்."

"ம்."

"கறுப்புத் துணிக்கு ஊசி கோக்கறதுதான் கஷ்டம். பரவால்ல. தம்பி வந்தா கோத்துத் தருவான்."

ஒவ்வொரு சிக்னலாக வந்து போனது. அவள் ஒருமுறைகூட வாலைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பார். இந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள், கட்டைவிரலில் நரம்பு கோடு போட்ட சிவப்புத் தடம். இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் சின்னச் சின்னதாக எவ்வளவோ மறைத்திருக்கிறார், ராடுகளின் விலை உட்பட. இப்படி அவள் கண்ணெதிரே, அவள் கையால் பிடித்ததைத் தட்டிப் பறித்ததில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுத் தெரு முனை. திரும்புவதற்கு பதில் ஓரமாக நிறுத்திவிட்டார்.

"வாலைச் சேத்துப் பிடிக்கல" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "பிடிச்சிருந்தா முப்பத்தொன்பதரை வந்திருக்கும். நீதான் ஜெயிச்ச. அந்த ரீலையும் உனக்கு வராதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். ரூமை எடுத்துக்க."

பின்னால் விசும்பல் மாதிரி ஏதோ கேட்டது. அழுகிறாளோ என்று திரும்பினார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பிதான் தலையில் கையை வைத்திருந்தான்.

"என்ன மாமா நீங்க! அங்க பாருங்க, வீடு தெரியுது. இன்னும் ரெண்டு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"ஏன்டா?"

"நீங்க சாகற வரைக்கும் சொல்ல மாட்டீங்கன்னு நான் சொன்னேன். வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார், அதுக்குள்ள சொல்லிடுவார்னு அக்கா சொன்னா. நான் தோத்தா நான்தான் அந்த இரும்பு மெஷினை மாடிக்குத் தூக்கணும்னு பேச்சு."

மெக்கானிக் தனக்குக் கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. அசடு வழிந்தது, கூடவே ஒரு நிம்மதியும்.

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இருந்திருக்க மாட்டீங்க" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மாடி ஜன்னலுக்குத் திரைகூட நேத்தே தச்சு முடிச்சுட்டேன்."