ஆண்டவருக்கு எடுத்து வைத்த அரிசி

சியாமிக்குப் பொய் சொல்ல வராது. அதனாலேயே, வாழ்க்கையில் சொன்ன ஒரே ஒரு பெரிய பொய்யை அவள் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றி வந்தாள். ஐஸாலிலிருந்து தம்பி வருகிறான், காட்டை வெட்டி எரித்து விதைக்கும் புனத்து வேலையை அவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான் அந்தப் பொய். தம்பி வரப்போவதில்லை. அவனுக்கு லாரி ஓட்டவே நேரம் போதவில்லை. வர முடியாது என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

சியாமியின் புருஷன் ஸுவாலா, குளிர் முடிவதற்குள் புனத்து மரங்களை வெட்டிச் சாய்த்துவிட வேண்டுமென்று ஏறியவன், கிளையோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். பாதி வெட்டியபடி கிடந்த மலைச்சரிவைச் சியாமி தனியாக வெட்டி முடித்தாள். முடித்தாளே தவிர, காலம் தவறிவிட்டது. ஊர்ச்சபை நாள் குறித்து எல்லாப் புனங்களுக்கும் ஒரே நாளில் தீ வைத்தபோது, மற்றவர்களுடையது சருகாகக் காய்ந்திருந்தது, இவளுடையது பச்சையாகக் கிடந்தது. தீ வந்து இலையைத் தின்றுவிட்டுக் கட்டையை விட்டுவிட்டுப் போனது. இப்போது சரிவு முழுக்கக் கருகிய மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவற்றை இழுத்துக் குவித்து மறுபடி எரித்தால்தான் விதைக்க இடம் கிடைக்கும். மழை இறங்கிவிட்டால் ஒரு குச்சிகூடப் பற்றாது.

விதைக்காவிட்டால் அடுத்த வருஷத்துக்கு நெல் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, லுங்லேய் விடுதியில் படிக்கும் மகள் ரினியைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, டவுனில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான். இது சியாமிக்கும் தெரியும், ஸுவாலாவுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

உதவி கேட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். பசிக்கிறதா என்று கேட்டால் ஏப்பம் விட்டுக் காட்டுகிற ஜனம். அடுத்தவனுக்குக் குழி வெட்டவும் கூரை மாற்றவும் முதல் ஆளாக ஓடுவார்கள், தனக்கென்று ஒரு கை கேட்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதிலும் ஸுவாலா ஊருக்கே முன்னால் நிற்பவன். அப்படிப்பட்டவன் பெண்டாட்டி எப்படிக் கேட்பாள்? தேவாலயச் சபைப் பெண்கள் வந்து, "நாங்க வரட்டுமா?" என்று கேட்டதற்கு, "தம்பி வர்றான்" என்று சொல்லிவிட்டாள். இங்கே ஒருத்தி வேண்டாமென்று சொன்ன பிறகு மறுபடி கேட்பது அவளை அவமதிப்பது. ஆகவே யாரும் மறுபடி கேட்கவில்லை.

சியாமி தினமும் விடியும்போது கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு மலை இறங்கினாள். கட்டைகளை இழுத்தாள், உருட்டினாள், திட்டினாள். ஜெபமும் பண்ணினாள். அவளுடைய ஜெபத்துக்கும் திட்டுக்கும் அந்த நாட்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

"ஆண்டவரே, நீர் பாத்துட்டுத்தான் இருக்கீரா? இல்ல, நீரும் என் தம்பி வர்றான்னு நம்பிட்டீரா?"

இத்தனை கோபத்திலும் ஒன்றை மட்டும் அவள் நிறுத்தவில்லை. உலை வைக்கும்போதெல்லாம், பானைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனியாக வைத்திருக்கும் டப்பாவில் போடுவாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வாரம் ஒருமுறை சபைப் பெண்கள் பையோடு வந்து வீடு வீடாக வாங்கிப் போவார்கள். வீட்டு அரிசி பானையின் அடிக்கு வந்துவிட்டது, ரேஷன் அரிசி வர இன்னும் ஒரு வாரம் ஆகும். ஆனாலும் அவள் கை தானாக அந்த டப்பாவுக்குப் போனது. இதையும் விட்டால் பிறகு விடுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

அன்று மாலை ஒரு கட்டை உருண்டு வந்து கணுக்காலைத் தேய்த்துவிட்டுப் போனது. நொண்டிக்கொண்டே வீடு வந்தவளுக்கு வாசலிலேயே சோற்று வாசனை அடித்தது. ஸுவாலா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு, அடுப்பில் கடுகுக்கீரையைக் கிண்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் கரி. அம்மியில் அரைத்த சுட்ட மிளகாய்த் துவையல் வேறு.

"உக்காரு. இன்னைக்கு நீ மகாராணி" என்றான்.

சியாமி தட்டு நிறையச் சாப்பிட்டாள். மறுபடியும் போட்டுச் சாப்பிட்டாள். அவன் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பல வாரமாகப் படுத்துக் கிடந்தவனுக்கு அன்றுதான் தான் ஒரு ஆம்பிளை என்ற நினைப்பு திரும்பியிருந்தது.

"பானைல அரிசியே இல்லையே. எங்கே எடுத்த?"

"அதான் ஜன்னல்ல பால்பவுடர் டப்பால ஒளிச்சு வச்சிருந்தியே. கெட்டிக்காரி."

சியாமியின் கை பாதி வழியில் நின்றது. "அது ஆண்டவரோட அரிசி."

"ஆண்டவரோடது நீல டப்பாலதானே இருக்கும்?"

"நீல டப்பா ஓட்டை விழுந்து ஒரு மாசம் ஆச்சு."

ஸுவாலா தட்டைக் கீழே வைத்தான். கரி அப்பிய முகம் அழுதுவிடும்போல ஆனது. "ஐயையோ. இப்ப என்ன பண்றது?"

"என்ன பண்றது? தின்னு. வெந்த சோத்தைத் திருப்பியா கொட்ட முடியும்?"

மீதியை இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள். நல்ல ருசி என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் அரிசி வாங்க வரும் நாள். டப்பா காலி என்று சொல்லிவிட்டால் என்ன? யாரும் கண்டிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு காலி டப்பா இந்த ஊரில் சும்மா இருக்காது. சியாமி வீட்டில் அரிசி இல்லையாம் என்பார்கள். ஏன் இல்லை, தம்பி எங்கே என்பார்கள். இத்தனை நாள் காப்பாற்றிய பொய் பல்லிளித்துவிடும். விடிந்தும் விடியாமலும் சியாமி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய கூடையை இறக்கினாள். அதில் இருந்தது விதைநெல். அதிலிருந்து ஒரு படி எடுத்து முன்வாசல் உரலில் போட்டு உலக்கையைத் தூக்கினாள்.

உள்ளேயிருந்து ஸுவாலா கத்தினான். "சியாமி! என்ன குத்துற?"

"ஒண்ணுமில்ல, தூங்கு."

"நம்ம வீட்டுல குத்துறதுக்கு என்ன நெல்லு இருக்கு? ஏய்! விதையைத் தொடாத! நிறுத்துடி!"

அவள் நிறுத்தவில்லை. தப்பு என்று தெரிந்தேதான் குத்தினாள். வீம்பு அப்படித்தான், ஆளை உள்ளிருந்து பிடித்துத் தள்ளும்.

"காலங்காத்தால யாரைக் குத்துற?"

படியேறி வந்தவள் ரோபுயி. சியாமியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இந்தத் தெருவில் அரிசி வாங்கும் பொறுப்பு அவளுடையது. தோளில் பை, வாயில் வெற்றிலைப்பாக்கு, எதிர்மலைக்குக் கேட்கும் குரல். உரலுக்குள் எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் கூடையைப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இது விதையில்ல?"

உள்ளேயிருந்து ஸுவாலா சொன்னான், எல்லாவற்றையும், ஒரே மூச்சில். ஆண்டவர் அரிசியைச் சமைத்தது, பானை காலியானது, தம்பி வரப்போவதில்லை என்பது வரைக்கும். முறிந்த காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"தம்பி வரலையா?" என்றாள் ரோபுயி.

"வரமாட்டான்" என்றாள் சியாமி.

"அப்ப அத்தனை கட்டையையும் நீ ஒருத்தியாவா இழுக்குற?"

"ஆமா."

ரோபுயி உலக்கையைப் பிடுங்கி மூலையில் சாய்த்தாள். "ஆண்டவர் உன்கிட்ட விதையைக் கேட்டாரா? அவர் பேரைச் சொல்லி நீ யாரைக் காப்பாத்தப் பாக்குற? உன் மூஞ்சியைத்தானே?"

சியாமிக்கு அழுகை வந்துவிட்டது. எலும்பு முறிந்த அன்றும் அழவில்லை, தீ ஏமாற்றிய அன்றும் அழவில்லை. இப்போது உரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அவரோட அரிசியைத் தின்னுட்டோம், ரோபுயி."

"தின்னா என்ன? அவர் அரிசியை அவர் பிள்ளைங்க தின்னீங்க. அது வேற எங்கேயும் தொலைஞ்சு போகலையே? கண்ணை மூடு, ஜெபம் பண்ணுவோம்."

ரோபுயி கண்ணை மூடினாள். "ஆண்டவரே, உம்ம டப்பாவை இவங்க காலி பண்ணிட்டாங்க. நல்லா சாப்பிட்டாங்க, ஸ்தோத்திரம். இவளுக்குத் தைரியம் நிறையக் கொடுத்துட்டீர், வாயைத் திறந்து கேக்குற புத்தியையும் கொஞ்சம் கொடும். மழையை மட்டும் பிடிச்சு வையும். ஆமென்."

"ஆமென்" என்று உள்ளேயிருந்து ஸுவாலாவும் சத்தமாகச் சொன்னான்.

சியாமி முகத்தைத் துடைத்தாள். மரம் வெட்டியது இதைவிடச் சுலபமாக இருந்தது. "ரோபுயி, என்னால தனியா முடியல. வர்றீங்களா?"

"இதைச் சொல்ல உனக்கு ஒரு படி விதை செலவு" என்றாள் ரோபுயி.

ஊரில் செய்தி பரவ மணி அடிக்க வேண்டியதில்லை, ரோபுயி போதும். மறுநாள் சியாமி புனத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முன்பே சரிவு நிறைய ஆட்கள். கத்தியும் கொக்கியுமாக ஆண்கள், கெட்டிலும் டீத்தூளுமாகப் பெண்கள். முதலில் எதிரே வந்தவர் சபை மூப்பர் ஹ்ராங்கா. தலையில் ஒரு கறுப்பு முடி கிடையாது.

"அக்கா, நான்தான் உன் தம்பி" என்றார். "ஐஸால் பஸ் கொஞ்சம் லேட்டு."

சரிவே சிரித்தது. அதற்கப்புறம் வந்த ஒவ்வொருவனும் அதையே சொன்னான். பெரியதாக ஒரு கட்டை உருளும்போதெல்லாம், "அக்கா, தம்பியைப் பாரு!" என்று யாராவது கத்தினார்கள். சியாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிண்டல் ஓயாமல் நடந்தது. மதியத்துக்குள் அந்த வெட்கமும் எங்கோ கரைந்துவிட்டது. அவள் நடுவில் நின்று, எங்கே குவிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சத்தம்போட்டு வேலை வாங்கினாள். மேல்பாதியில் குவியல்கள் எரிய ஆரம்பித்தன. புகையோடு பாட்டும் எழுந்தது, ஒரு குரல் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் இழுத்துப் பாடினார்கள்.

கீழ்ப்பாதிக்குத் தீ வைக்கப் போகும்போது மழை வந்தது. தூறலாக இல்லை, கொட்டியது. எல்லோரும் நனைந்தபடி நின்று சியாமியைப் பார்த்தார்கள். ரோபுயி வானத்தை முறைத்தாள். "பிடிச்சு வையும்னுதானே சொன்னேன்!"

சியாமி மேலே பார்த்தாள். குவியல்கள் எரிந்து அடங்கி, சாம்பல் கரையக் கரையக் கறுத்த மண் தெரிந்தது. கீழே பார்த்தாள். அங்கே கட்டைகள் நனைந்து பளபளத்தன.

"மேல்பாதி போதும்" என்றாள். "மேல நெல்லு விதைக்கிறேன். கீழ கட்டைக்கு நடுவுல பூசணியும் சேனையும் போடுறேன், கட்டை மேல கொடி ஏறட்டும். பாதி வருஷம் சோறு, பாதி வருஷம் கிழங்கு. ரினி படிப்பை நிறுத்தமாட்டேன். வீட்டைப் பூட்டமாட்டேன்." அப்புறம் மழையைப் பார்த்து, கொஞ்சம் தணிந்த குரலில், "பாதி நேரமாவது பிடிச்சு வச்சீரே, ஸ்தோத்திரம்" என்றாள். அதில் திட்டு கலக்கவில்லை.

மண் இளகியதும் விதைப்பு தொடங்கியது. சியாமி சின்னக் களைக்கொத்தால் குழி போட்டு, விதையைத் தெளித்து, காலால் மூடி, அடி அடியாக மேலேறினாள். ஸுவாலா ஊன்றுகோலோடு வந்து புனத்துக் காவல் குடிசை வாசலில் உட்கார்ந்து, வரிசை கோணுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தான். உச்சி வரப்புக்கு ஒரு கீற்று நிலம் பாக்கி இருக்கும்போது கூடை காலியானது. உரலில் போன அந்த ஒரு படி இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும்.

"அது என்ன, அங்கே மட்டும் வெறுமையா?" என்றான் ஸுவாலா.

"அது என் வீம்பு முளைக்கிற இடம். அப்படியே கிடக்கட்டும்."

கீழேயிருந்து ரோபுயியின் குரல் கேட்டது, ஆள் தெரிவதற்கு முன்பே. தன் புனத்து விதைப்பை முடித்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தவள், இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள்.

"எங்க விதையில கொஞ்சம் மிச்சம். அதிகமில்ல, ஒரு பிடிதான். பிடி."

அதெல்லாம் வேண்டாம், எங்களிடம் இருக்கிறது என்று சொல்லத்தான் சியாமியின் வாய் திறந்தது. எத்தனை வருஷப் பழக்கம். ஸுவாலா குடிசையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சியாமி வாயை மூடிக்கொண்டாள். சாம்பலும் மண்ணும் ஒட்டிய இரண்டு கைகளையும் சேர்த்து ரோபுயிக்கு முன்னால் நீட்டினாள்.